கிட்னி மாற்றியவருக்கு லூஸ் மோஷன்: மைகோவை நிறுத்திப் பார்க்கலாமா?

4 நவம்பர் 2025, சேலம் வாசகரின் கேள்வி

அப்பாவுக்குக் கிட்னி மாற்றி எட்டு மாதம் ஆகிறது. அம்மா கொடுத்தது. ஒரு வாரமாக லூஸ் மோஷன், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போகிறது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்க டாக்ரோ (டாக்ரோலிமஸ்), மைகோ (மைகோஃபெனோலேட்), வைசோலோன் (ஸ்டீராய்டு) எடுக்கிறார். சர்க்கரை மாத்திரையும் உண்டு. அப்பா கூடவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், "மைகோதான் காரணம், நாலு நாள் நிறுத்திப் பாருங்க, தானா நின்னுடும்" என்கிறார். அவருக்கு நின்றதாம். செக்கப் இந்த மாதக் கடைசியில். ஆஸ்பத்திரி சென்னையில். அதுவரை காத்திருக்கலாமா?

4 நவம்பர், இரவு

காத்திருக்க வேண்டாம் தம்பி. மைகோவை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே சேலத்தில் ஒரு நல்ல லேபில் ரத்தம் கொடுங்கள்: கிரியேட்டினின் (கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு), யூரியா, சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேல் டாக்ரோ லெவல், அதாவது ரத்தத்தில் டாக்ரோ எவ்வளவு இருக்கிறது என்பது. டாக்ரோவுக்கு ரத்தம் எடுக்கும்வரை காலை டாக்ரோ மாத்திரையைப் போடக் கூடாது. முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆன பிறகு எடுக்கும் ரத்தம்தான் கணக்கு. ரத்தம் கொடுத்தவுடன் மாத்திரையைப் போட்டுவிடலாம்.

ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சென்னை ஆஸ்பத்திரியின் கோ-ஆர்டினேட்டருக்குப் போன் செய்து, எத்தனை நாளாக, எத்தனை தடவை, எடை எவ்வளவு இறங்கியது, சிறுநீர் எப்படிப் போகிறது, பி.பி. எவ்வளவு என்று சொல்லுங்கள். தலைசுற்றல், காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, மாத்திரை வாந்தியாக வெளியே வருவது, இதில் ஒன்று இருந்தாலும் போன் போதாது. அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

5 நவம்பர்

"வயிற்றுப்போக்குக்கு எதற்கு டாக்ரோ லெவல்?" என்று கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார். நான் சொல்ல வந்ததே அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாம் விழுங்கும் டாக்ரோ முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை. குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் வாசல் காவலர் மாதிரி. அங்கே இருக்கும் ஒரு நொதி மருந்தில் ஒரு பங்கை அங்கேயே உடைத்துவிடும். ஒரு புரதம் இன்னொரு பங்கைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும். இவை போக மிஞ்சுவதுதான் உள்ளே போகும். மருத்துவர் நிர்ணயித்த மில்லிகிராம் எல்லாம் அந்தக் காவலர் வேலை செய்கிறார் என்ற கணக்கில் போட்டது. வயிற்றுப்போக்கில் அந்தச் செல்கள் அடிபட்டால் காவல் தளர்ந்துவிடும். மாத்திரை அதே மாத்திரை, வேளை அதே வேளை, ஆனால் ரத்தத்தில் அளவு இரண்டு மடங்கு வரைக்கும் ஏறிவிடலாம். மருந்து வெளியே போய்விடும், லெவல் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். டாக்ரோவில் நடப்பது பெரும்பாலும் நேர் எதிர்.

ஏறினால் என்ன? கை நடுக்கம், தலைவலி, பொட்டாசியம் ஏற்றம். கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி கிரியேட்டினினும் ஏறும். ஏற்கெனவே நீர் வற்றிப்போயிருக்கும் உடம்பு, அதனாலும் கிரியேட்டினின் ஏறும். இருப்பது ஒற்றைக் கிட்னி, அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு அடி.

என் வீட்டுக்காரருக்கு அத்தை கிட்னி கொடுத்த இரண்டாம் வருஷம், இதே ஐப்பசி மழைக் காலத்தில் இது நடந்தது. ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கிட்னி மாற்றியவர் என்று சொல்லியும், தொண்டையும் கட்டியிருக்கிறது என்று கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருந்து தன் பங்குக்கு டாக்ரோவை ஏற்றிவிடும் மருந்து. மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. அத்தைதான் முதலில் பார்த்தார், "ஏம்ப்பா, கை இப்படி உதறுது?" என்று. அன்றைக்கே வண்டி பிடித்துப் போனோம். டாக்ரோ லெவல் அவருடைய வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கிளாரித்ரோமைசினை நிறுத்தி, சலைன் ஏற்றி, டாக்ரோவைக் குறைத்தார்கள். கிரியேட்டினின் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாதவை: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் (இவை மூன்றும் டாக்ரோவை ஏற்றுபவை), ரிஃபாம்பிசின் (இறக்குவது), வலி மாத்திரைகள் (கிட்னியைக் கெடுப்பவை). பழத்தில் பம்பளிமாஸ்.

5 நவம்பர், இன்னொன்று

வயிற்றுப்போக்கு நிற்கும்போதும் டாக்ரோ பார்க்க வேண்டும். குடல் தேறியதும் காவல் திரும்ப வந்துவிடும். குறைத்த டோஸிலேயே விட்டுவிட்டால் லெவல் தேவைக்குக் கீழே போய்விடும். அது ரிஜெக்‌ஷனுக்குக் கதவு திறப்பது, அதாவது உடம்பு புதுக் கிட்னியை அந்நியம் என்று தாக்குவதற்கு. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

6 நவம்பர்

இனி மைகோவுக்கு வருகிறேன். அந்த நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மாற்று உறுப்புக்காரர்கள் எடுக்கும் மாத்திரைகளில் வயிற்றைக் கலக்குவதில் முதல் இடம் மைகோஃபெனோலேட்டுக்குத்தான். வேகமாகப் பிரியும் செல்களின் வளர்ச்சியைத் தடுப்பது அதன் வேலை. குடலின் உள்சுவர் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் இடம் என்பதால் அங்கேயும் கை வைக்கும்.

ஆனால் 2006-ல் ஐரோப்பாவில் கிட்னி மாற்றியவர்களிடம் டிடாக்ட் என்ற பெயரில் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. கடுமையான வயிற்றுப்போக்கு உள்ளவர்களை எடுத்த எடுப்பில் மைகோவில் கை வைக்காமல், முதலில் தொற்று இருக்கிறதா, வேறு மாத்திரை காரணமா, உணவு காரணமா என்று படிப்படியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடாமலேயே சரியாகிவிட்டது. மைகோவை முதலில் நிறுத்தியிருந்தால் அந்தப் பாதிப் பேரும் காரணமே இல்லாமல் ரிஜெக்‌ஷன் ஆபத்தைச் சுமந்திருப்பார்கள்.

மைகோதான் என்று முடிவாகிவிட்டாலும் நிறுத்துவது ஒன்றே வழி இல்லை. இரண்டு வேளை மாத்திரையை அதே மொத்த அளவில் மூன்று நான்கு சிறு வேளையாகப் பிரிக்கலாம். குடலுக்குப் போன பிறகே கரையும் சோடியம் வகைக்கு மாற்றலாம் (வழக்கமான மொஃபெட்டில் வகை மைகோ 500 மி.கி.க்கு அது 360 மி.கி. என்று கணக்கு). கொஞ்சம் குறைக்கலாம். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் அசதியோப்ரின் என்ற வேறு மாத்திரைக்குப் போகலாம். எந்தப் படியில் நிற்பது என்பதை அவருக்கு ரிஜெக்‌ஷன் ஆபத்து எவ்வளவு என்று தெரிந்த நெஃப்ராலஜி மருத்துவர்தான் சொல்ல முடியும்.

8 நவம்பர்

தம்பி ரிப்போர்ட் போட்டிருக்கிறார். டாக்ரோ 13.8. போன மாதம் 7 சொச்சம். கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.9. பொட்டாசியம் 5.4. சென்னையிலிருந்து டாக்ரோவைக் குறைக்கச் சொல்லி, சேலத்திலேயே அட்மிட் செய்து சலைன் போடச் சொல்லியிருக்கிறார்களாம். பி.பி. மாத்திரைகளில் டெல்மிசார்டனை நிறுத்தி வைக்கச் சொன்னார்களாம். நல்லது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் கிட்னிக்குச் சுமை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ, கிட்னி தளர்ந்தால் உடம்பில் தேங்கிவிடும். தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். திரும்ப எப்போது தொடங்குவது என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைசோலோனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால், அதுவும் உடம்பு சரியில்லாத நேரத்தில், பி.பி. விழுந்துவிடும். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசியாகப் போட வேண்டும்.

9 நவம்பர்

இளநீர் கொடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஊரில் பேதி என்றால் முதலில் கை போவது இளநீருக்குத்தான். சாதாரண ஆளுக்குச் சரி. டாக்ரோ ஏறி, பொட்டாசியம் 5.4 என்று நிற்பவருக்குச் சரி இல்லை. ஒரு டம்ளர் இளநீரில் 400-லிருந்து 500 மி.கி. வரை பொட்டாசியம் இருக்கும், சோடியமோ குறைவு. வயிற்றுப்போக்கில் முக்கியமாக இழப்பது தண்ணீரும் சோடியமும். அதற்குச் சரியான பானம் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் முழுக்கக் குடித்தாலும் பொட்டாசியம் 800 மி.கி.க்குள்தான்.

பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். உலகச் சுகாதார நிறுவன அளவுப்படி என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்டுப் பழரச டப்பாக்களை இவ்வளவு காலம் விற்றார்களே, அதில் சர்க்கரை பல மடங்கு. வயிற்றுப்போக்கை அது கூட்டத்தான் செய்யும். இந்த அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பழைய சரக்கு கடையில் இருக்கலாம், கவனம்.

பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும்.

1971-ல் வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோனதால் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. அவர் மறைந்த பிறகு 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

10 நவம்பர்

இளநீர் பற்றி ஒரு நியாயமான மறுப்பு வந்திருக்கிறது. நர்ஸாக வேலை பார்க்கும் சகோதரி எழுதுகிறார்: "வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் வெளியே போய்க் குறையத்தானே செய்யும்? எல்லோருக்கும் இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எப்படி?" சரிதான். வயிற்றுப்போக்கு இறக்கும், டாக்ரோவும் கிட்னித் தளர்ச்சியும் ஏற்றும். எது ஜெயிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் வீட்டுக்காரருக்கே ஒருமுறை 3.1-க்கு இறங்கிப் பொட்டாசியம் சிரப் குடித்தார். ஆகவே நேற்று எழுதியதை இப்படிப் படியுங்கள்: ரிப்போர்ட் கையில் வரும்வரை இளநீர் வேண்டாம், வந்த பிறகு மருத்துவர் சொல்வது.

10 நவம்பர், இரவு

கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், ஆவியில் வேகவைத்தது எதுவும் சரி. மோரைப் பாக்கெட் பாலைக் காய்ச்சி வீட்டிலேயே உறை ஊற்றியதில் கடைந்து, காய்ச்சிய தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்த மோரும், பச்சைத் தண்ணீரில் அரைத்த தேங்காய்ச் சட்னியும் ஒன்றுதான். வெளியே கரும்புச் சாறு, பானிபூரி, வெட்டி வைத்த பழம் மூன்றையும் எங்கள் வீட்டில் மறந்தாயிற்று. பால் குடித்தால் கூடுகிறது என்றால் கொஞ்ச நாள் பாலை விட்டுப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் அடிபட்ட குடலுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் போவது சகஜம்.

13 நவம்பர்

மல டெஸ்ட் "நார்மல்" என்று வந்திருக்கிறது, ஆகவே தொற்று இல்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். எங்களுக்கு மிகக் கஷ்டமான காலம் அந்த "நார்மல்" என்ற வார்த்தையோடுதான் கழிந்தது.

நாலாம் வருஷம் அது. தண்ணியாகப் போகும், நாலு நாள் நிற்கும், திரும்பப் போகும். எடை கரைந்துகொண்டே வந்தது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு லேபில் மலம் கொடுத்தோம், இரண்டும் நார்மல். மைகோவைப் பாதியாக்கினார்கள், மாற்றமில்லை. டாக்ரோ மட்டும் ஏறி ஏறி நின்றது. கடைசியில் ஒரு இளம் டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டுப் பார்க்கவே இல்லையே அம்மா" என்றார். அந்தச் சாயம் போட்டுப் பார்த்ததும் தெரிந்தது, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. வழக்கமான மல டெஸ்டில் அது கண்ணில் படாது, எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். சைக்ளோஸ்போராவும் சிஸ்டோஐசோஸ்போராவும் அப்படித்தான். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் கிருமி, மாற்று உறுப்புக்காரரிடம் மாதக்கணக்கில் தங்கும். நிட்டாசோக்ஸனைடு கொடுத்தார்கள். டாக்ரோவையும் இறக்கினார்கள், அதுவும் சிகிச்சையின் பாதி, ஏனென்றால் கிருமியை விரட்ட அவருடைய சொந்த எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் எழ வேண்டும். மெதுவாகத்தான் சரியானது.

இந்தக் கிருமிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது, அவ்வளவு வசதியான ஊரில். நம் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. கொதிக்க வேண்டும். குமிழி எழும்பித் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். கேன் தண்ணீரையும் நாங்கள் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். பல் தேய்க்கக்கூட அந்தத் தண்ணீர்தான்.

ஆகவே தம்பி, மலத்துக்கு என்னென்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள். கல்ச்சர், ஜியார்டியா உள்ளிட்ட ஒட்டுண்ணிகள், ஆசிட் ஃபாஸ்ட் சாயம், சி-டிஃப் (ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு குடலில் பெருகக்கூடிய ஒரு கிருமி) நச்சு. பெரிய லேப்களில் ஒரே மாதிரியில் இருபதுக்கு மேற்பட்ட கிருமிகளைத் தேடும் பி.சி.ஆர். பேனல் இருக்கிறது. பல ஆயிரம் ஆகும், ஆனால் நோரோவைரஸும் அதில் தெரியும். கையிருப்பு இடம் கொடுத்தால் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

13 நவம்பர், சிறு சேர்க்கை

ஒரே ஒரு மாதிரி போதாது. ஒட்டுண்ணி விட்டு விட்டுத்தான் மலத்தில் வெளியேறும். வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பது வழக்கம்.

15 நவம்பர்

லோபரமைடு போட்டு நிறுத்திவிடலாமே என்பவர்களுக்கு: சி-டிஃப்பும் மற்றத் தொற்றுகளும் இல்லை என்று தெரியும் முன் வேண்டாம். உள்ளே கிருமி நச்சைச் சுரந்துகொண்டிருக்கும்போது குடலின் அசைவை நிறுத்துவது ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் கலவையும் வேண்டாம். தேவையில்லாத ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளை அழித்து, சி-டிஃப்புக்கு இடம் விட்டுக் கொடுக்கும்.

புரோபயாட்டிக் குப்பிகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். உயிருள்ள கிருமி அது. எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் அரிதாக ரத்தத்துக்குள் போய்விட்ட சம்பவங்கள் உண்டு.

18 நவம்பர்

எட்டாம் மாதம் என்று தம்பி முதல் நாளே எழுதியது எனக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு முதல் மாதங்களில் வால்கான்சைக்ளோவிர் கொடுத்தார்களா, எப்போது நிறுத்தினார்கள்? சி.எம்.வி. என்ற வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடம்பில் தூங்கிக்கொண்டிருப்பது. வால்கான்சைக்ளோவிர் அதைத் தடுக்கும் மாத்திரை, கொடுக்கும்வரை அடங்கியிருக்கும், நிறுத்திய பின் வரும் மாதங்களில் எழும்பலாம். குடலைப் பிடித்தால் வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, சில நேரம் ரத்தம். வெள்ளணுக்கள் குறைவது ஒரு துப்பு, ஆனால் மைகோவும் வெள்ளணுவைக் குறைக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு சிக்கல். ரத்தத்தில் சி.எம்.வி. பி.சி.ஆர். நெகட்டிவ் என்று வந்தாலும் குடலில் இருக்கலாம். என் வீட்டுக்காரர் வார்டில் இருந்தபோது பக்கத்துப் படுக்கையில் ஒரு அண்ணன், லாரி ஓட்டுபவர். ரத்த டெஸ்ட் சுத்தம். கொலனோஸ்கோபி வேண்டவே வேண்டாம் என்று அவர் பிடிவாதம். அவர் மனைவியும் நானும் மாற்றி மாற்றிப் பேசிச் சம்மதிக்க வைத்தோம். பெருங்குடலில் புண்கள், பயாப்சியில் வைரஸ். கான்சைக்ளோவிர் ஊசி போட்டு, பிறகு மாத்திரைக்கு மாற்றி, எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். மைகோவால் வரும் குடல் புண்ணும் பயாப்சியில்தான் தெளிவாகும். நம் நாட்டில் குடல் டி.பி.யையும் அதே பயாப்சியில் தேடுவார்கள். நாள்பட்ட வயிற்றுப்போக்குக்குக் காரணம் பிடிபடவில்லை என்றால் அந்தக் குழாய்க்குப் பயப்பட வேண்டாம். முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்கும்போது மட்டும் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும், அதைப் பற்றி நெஃப்ராலஜியும் கேஸ்ட்ரோவும் பேசிக்கொண்டார்களா என்று கேளுங்கள்.

21 நவம்பர்

தம்பியின் பதில்: வால்கான்சைக்ளோவிர் மூன்று மாதம் கொடுத்து நிறுத்தியது. இப்போது சி.எம்.வி. பி.சி.ஆர். நெகட்டிவ். ஆசிட் ஃபாஸ்ட் நெகட்டிவ். சி-டிஃப் நெகட்டிவ். கல்ச்சரில் ஒன்றுமில்லை. கிரியேட்டினின் 1.4. போவது ஆறேழிலிருந்து நாலாகியிருக்கிறது. கொலனோஸ்கோபிக்குத் தேதி கேட்டிருக்கிறார்களாம்.

அப்பா எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், கிட்னி மாத்திரை மட்டுமல்ல, ஒன்று விடாமல் எழுதுங்கள் தம்பி. எந்த மாதம் தொடங்கியது என்றும் போடுங்கள்.

22 நவம்பர்

பட்டியல் பார்த்தேன். இரண்டு இடத்தில் கண் நின்றது.

மெட்ஃபார்மின், செப்டம்பர் கடைசியில் 500-லிருந்து 1000-ஆகக் கூட்டியது. நிறுத்தி வைத்த சில நாளில் போவது குறைந்திருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்குவது எல்லாச் சர்க்கரை மருத்துவருக்கும் தெரிந்த விஷயம். இன்னொன்று மெக்னீசியம் மாத்திரை. டாக்ரோ சிறுநீரில் மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், அதை ஈடுகட்டக் கொடுப்பது. ஆனால் மெக்னீசியம் பேதி மருந்திலேயே இருக்கும் சரக்கு, குடலில் தண்ணீரை இழுக்கும். இரண்டும் தேவைக்காகவே எழுதியவை, யாரையும் குறை சொல்லவில்லை. இந்தத் தாளை அப்படியே சென்னைக்கு அனுப்பி, "இவை காரணமாக இருக்குமா, மெக்னீசியம் இப்போது எவ்வளவு?" என்று கேளுங்கள். டிடாக்ட் ஆய்வில் படிப்படியாகப் போனார்கள் என்றேனே, அதில் ஒரு படி இதுதான்.

23 நவம்பர்

எனக்கு ஒரு இரண்டாம் யோசனை. மாத்திரைப் பட்டியல்தான் முதலில் பார்க்க வேண்டியதோ? செலவில்லாத சோதனை அது. ஆனால் ஒரு வாரம் தண்ணியாகப் போய் டாக்ரோ 13.8-ல் நின்றவருக்கு, உட்கார்ந்து பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் போயிருக்கும். ரத்தமும் போனும் முதலில், மலமும் பட்டியலும் ஒரே நாளில் அடுத்து. நான் இப்போதைக்கு இப்படித்தான் வைப்பேன்.

26 நவம்பர்

"நாலு நாள் மைகோவை நிறுத்தினேன், நின்றது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று முதலில் யோசனை சொன்ன அந்த நண்பரே இங்கே வந்து எழுதியிருக்கிறார். நல்லபடியாக இருக்கிறீர்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் அண்ணா. ஆனால் ரிஜெக்‌ஷன் ஆரம்பத்தில் வலிக்காது. சிறுநீர் நன்றாகவே போகும். கிரியேட்டினினில் மட்டும்தான் தெரியும், அதுவும் கொஞ்சம் தாமதமாக. தயவுசெய்து இந்த வாரம் ஒரு கிரியேட்டினின் பாருங்கள், மருத்துவரிடமும் நிறுத்தியதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. வார்டில் ஒரு சின்னப் பையன், கல்லூரி முதல் வருஷம், அக்கா கொடுத்த கிட்னி. பரீட்சை நேரத்தில் ஓடி ஓடிக் கழிவறைக்குப் போக முடியவில்லை என்று மைகோவை விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. பயாப்சி செய்து, ஸ்டீராய்டு ஊசிகள் போட்டுக் கிட்னியைக் காப்பாற்றினார்கள், ஆனால் கிரியேட்டினின் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. அவன் அக்கா வராந்தாவில் உட்கார்ந்து அழுதது என்னை விட்டுப் போகவில்லை. கழிவறைக்குப் போவதைப் பற்றிப் பேச வெட்கம், அவ்வளவுதான் அங்கே காரணம். வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் இதே வெட்கத்தில் வேளை தவறவிடுகிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

27 நவம்பர்

அண்ணாவின் கிரியேட்டினின் 1.1. அப்பாடா.

1 டிசம்பர்

பேச்சு வேறு எங்கோ போனாலும் இதுவும் தேவைதான். ஒரு அம்மா கேட்கிறார்: லிவர் மாற்றிக்கொண்டவர் அவர், பேரன் பிறந்திருக்கிறான், ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து போட்ட குழந்தையைத் தொடலாமா?

தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். ரோட்டா சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிர் வைரஸ், குழந்தையின் மலத்தில் கொஞ்ச நாள் வெளியேறும். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் நாலு வாரம் டயபர், மலத்துணி மாற்றும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். குழந்தைக்குச் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, குழந்தைக்கு நிஜ ரோட்டா வந்தால் உங்களுக்கு இன்னும் ஆபத்து. வாய்வழிப் போலியோ சொட்டு விஷயம் வேறு. உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஊசியாகவே முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் நோரோவைரஸுக்கும் சி-டிஃப் விதைகளுக்கும் அவ்வளவாக வேலை செய்யாது. கழிவறையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

2 டிசம்பர்

அந்த அம்மாவுக்கே இன்னொன்று. லிவர்காரர்களுக்கும் டாக்ரோ கதை இதேதான். குடலையே மாற்றிக்கொண்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்களுக்கு வயிற்றுப்போக்கே ரிஜெக்‌ஷனின் அறிகுறியாக இருக்கலாம்.

6 டிசம்பர்

தம்பி எழுதுகிறார்: மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்காமல் இன்சுலினுக்கு மாற்றினார்கள். மெக்னீசியம் அளவு போதுமானதாக இருந்ததால் மாத்திரையை நிறுத்தினார்கள். போவது நாளைக்கு இரண்டு தடவைக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் இளக்கமாகத்தான். கொலனோஸ்கோபி நடந்தது. புண் இல்லை, வைரஸ் இல்லை, பயாப்சியில் மைகோவால் வரும் மாற்றம் லேசாக இருக்கிறதாம்.

ஆக, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மைகோவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு அதற்கு இல்லை, நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை. மொஃபெட்டிலிலிருந்து சோடியம் வகைக்கு மாற்றி, முழு அளவிலேயே வைத்திருக்கிறார்கள்.

9 டிசம்பர்

மாத்திரை மாற்றம் பற்றி ஒரு வார்த்தை. டாக்ரோ கம்பெனி மாறினாலும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக் மாறினாலும், உறையின் பெயரைப் படித்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். லெவல் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. காலையில் மட்டும் போடும் நீள்வகை டாக்ரோவையும் இருவேளை வகையையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

14 டிசம்பர்

அப்பாவுக்கு நேற்று ஒரே தடவைதானாம், கெட்டியாக. எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. டாக்ரோ 5.1-க்கு இறங்கிவிட்டது. குடல் தேறினால் இறங்கும் என்று நவம்பர் 5-ம் தேதி எழுதியது இதைத்தான். சென்னையில் டோஸைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள். கிரியேட்டினின் 1.2.

டெல்மிசார்டனை எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டீர்களா தம்பி? பி.பி. 150-ஐத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே கேட்டுவிடுங்கள். டோஸ் ஏற்றிய டாக்ரோவுக்கு அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கும்போது பொட்டாசியத்தையும் சேர்த்துப் பாருங்கள். டெல்மிசார்டனும் அதை ஏற்றும்.